குதிரையின் தோளும் எருதின் கழுத்தும்

இம்முறை பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது குதிரை வண்டியின் சேணம். எமது வாசகர்களுள் குதிரை வைத்திருப்பவர் எவரும் இலர் என்பது எமக்குத் தெரியும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நெடுந்தீவில் தங்கிவிட்ட குதிரைகள் இன்றும் அங்கே வெளியில் மேய்கின்றன. அவற்றைப் பிடித்துப் பூட்டுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பின் எதற்கு இந்தப் பாடம்? இழுக்கும் பிராணியின் வலு பாரத்துக்குப் போய்ச் சேரும் வழியில் என்னென்ன வேலைகள் நடக்கின்றனவோ, அவை ஒவ்வொன்றுக்கும் குதிரைச் சேணத்தில் தனித்தனி உறுப்பும் தனித்தனிப் பெயரும் உண்டு. எமது மாட்டு வண்டிலில் அந்த வேலைகள் அநேகமாக எல்லாவற்றையும் ஒரு நுகத்தடியும் இரண்டு பூட்டாங்கயிறும் செய்துவிடுகின்றன. ஒன்றாய்க் கலந்திருப்பதை விளங்கிக்கொள்ள, பிரித்து வைத்திருப்பதைப் பார்ப்பது நல்ல வழி.

இன்னொரு காரணமும் உண்டு. 1990களில் வடக்கே எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது மாட்டு வண்டிலும் சைக்கிளும் எப்படிக் கைகொடுத்தன என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் டீசலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றபோது உழவு இயந்திரம் வைத்திருந்தவர்களும் அதையே நினைத்தார்கள். ஆனால் இடப்பெயர்வுகளின்போது சோடி எருதுகளைச் சோடியாகவே கொண்டு சேர்த்த குடும்பங்கள் சில. ஒன்றை விற்றவர்கள், ஒன்றை வழியில் இழந்தவர்கள், இரண்டையும் அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் பலர். ஒற்றை எருதோடு நிற்கும் குடும்பத்துக்குச் சோடி நுகத்தால் பயனில்லை. அவர்களையே முக்கியமாக எண்ணி இதை எழுதுகிறோம்.

உதாரணத்துக்கு, அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஒகாயோ மாநிலங்களில் ஆமிஷ் எனப்படும் சமூகத்தார் இன்றும் குதிரையாலும் கோவேறு கழுதையாலும் கமம் செய்கிறார்கள். அவர்களுடைய நான்கு சில்லுப் பண்ணை வண்டியையும், அதில் பூட்டிய ஒரு சோடி குதிரைகளையும் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம்.

குதிரையின் கழுத்தடியில், தோளோடு ஒட்டி, முட்டை வடிவில் தடித்த வளையம் ஒன்று தெரியும். இதற்குப் பெயர் காலர். வெளியே தோல், உள்ளே இறுக்கி அடைத்த வைக்கோல். சேணத்தின் உயிர் இதுவே. குதிரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது தள்ளுகிறது. பின்னங்கால்களை நிலத்தில் ஊன்றி, தன் உடற்பாரத்தை முன்னே சாய்த்து, இந்த வளையத்தைத் தோளால் தள்ளுகிறது. தோளில் தசை தடிப்பாக உண்டு; அதன் கீழ் அகன்ற தோட்பட்டை எலும்பு உண்டு. மூச்சுக்குழாய் அங்கே இல்லை. ஆகவே எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும் மூச்சு முட்டாது.

காலர் அளவாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் கையாலேயே அளக்கிறார்கள். வளையத்தின் அடிப்பக்கத்துக்கும் தொண்டைக்கும் இடையே உள்ளங்கை தட்டையாகப் போக வேண்டும். பக்கங்களில் விரல்நுனிகள் மட்டும் நுழைய வேண்டும். சின்னதானால் தொண்டையை அமர்த்தும். பெரிதானால் அசைந்து அசைந்து தோலை உரிக்கும். வேலைக்காலத்தில் குதிரை மெலிந்தால் முன்பு அளவாக இருந்த காலரே பெரிதாகிவிடும். அப்போது உள்ளே மெத்தை வைப்பார்கள், அல்லது வேறு காலர் மாற்றுவார்கள். ஒரு குதிரையின் காலரை மற்றக் குதிரைக்குக் கடன் கொடுப்பதை நல்ல வண்டிக்காரர் விரும்புவதில்லை. இங்கிலாந்துப் பாணிக் காலர் சிலவற்றில் திறப்புக் கிடையாது. குதிரையின் தலையோ கண்களுக்கு இடையே அகலமானது. வளையமோ மேலே ஒடுங்கியது. அதனால் வளையத்தைத் தலைகீழாக மாட்டி, தலையைக் கடந்த பின் திருப்பிவிடுவார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும்.

காலர் வெறும் மெத்தைதான். அதிலே கயிற்றை நேரே கட்ட முடியாது. அதன் வெளிவிளிம்பிலுள்ள பள்ளத்தில் இரண்டு வளைந்த கட்டைகள், மரத்தாலோ இரும்பாலோ ஆனவை, இருபுறமும் பொருந்தி மேலும் கீழும் வாரினால் இறுக்கப்பட்டிருக்கும். இவை ஹேம்ஸ். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கொளுவி உண்டு. அதிலிருந்து குதிரையின் விலா ஓரமாகப் பின்னோக்கிச் செல்லும் நீண்ட தடித்த வார்தான் டிரேஸ். இதை நாம் இழுவார் என்போம். கொளுவி இருக்கும் உயரம் முக்கியமானது. அது மிக மேலே இருந்தால் இழுக்கும்போது காலர் எழும்பித் தொண்டையில் ஏறும். மிகக் கீழே இருந்தால் தோள்மூட்டின் முனையில் பாரம் விழும். மூட்டு அசையும் இடத்தில் மெத்தை நிற்காது, புண் வரும். இழுவார் தோளின் சரிவுக்கு ஏறத்தாழச் செங்குத்தாகப் போக வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

இவ்வளவு பேசியபின் எமது நுகத்தைப் பார்ப்போம். எமது எருதுக்கு ஏரி உண்டு. நுகத்தடி கழுத்தின் மேல், ஏரிக்கு முன்னால் கிடக்கிறது. எருது முன்னே போக, ஏரி நுகத்தைத் தள்ளுகிறது. ஏரி என்பது இயற்கை கொடுத்த ஒரு தடுப்பு. ஐரோப்பிய மாட்டுக்கு இப்படிப்பட்ட ஏரி கிடையாது. ஆகவேதான் அங்கே பல நாடுகளில் கொம்போடு சேர்த்து நுகத்தைக் கட்டினார்கள். குதிரைக்கு ஏரியும் இல்லை, கொம்பும் இல்லை. நுகத்தை அதன்மேல் வைத்தால் வழுக்கிப் போகும். போகாமலிருக்கத் தொண்டையைச் சுற்றி வார் கட்ட வேண்டும்.

பண்டைய எகிப்து, கிரேக்க, உரோமத் தேர்களில் அப்படித்தான் கட்டினார்கள் என்றும், அந்த வார் குதிரையின் மூச்சை அடைத்ததென்றும், அதனாலேயே அக்காலத்தவர் பாரமான வண்டிகளுக்குக் குதிரையைப் பயன்படுத்த முடியவில்லை என்றும் பிரான்சியக் குதிரைப்படையின் முன்னாள் அதிகாரியான லெஃபெவ்ர் டி நொயெத் 1931இல் வெளியிட்ட நூலில் வாதாடினார். 438இல் தொகுக்கப்பட்ட உரோமச் சட்டத் தொகுப்பொன்று அரச பாரவண்டிக்கு 1,500 உரோம இறாத்தலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 490 கிலோவுக்கு மேல், ஏற்றக்கூடாதென விதித்திருந்ததை அவர் சான்றாகக் காட்டினார். பல பாடநூல்கள் இதை அப்படியே எழுதிக்கொண்டன. பின்னர் ஸ்ப்ரூயித் என்ற இன்னொரு பிரான்சியர் பழைய சேணங்களைச் செய்து குதிரையில் பூட்டிப் பார்த்து, முடிவுகளை 1977இல் நூலாக்கினார். சரியாகப் பூட்டினால் மூச்சு அடைக்கவில்லை என்று அவர் கண்டார். படித்தவர் எழுதியதையும் ஒருமுறை பூட்டிப் பார்ப்பது நல்லது. ஆயினும் பாரமான வேலைக்குத் தோளில் தங்கும் காலரே சிறந்தது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அது சீனாவில் தோன்றி, 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் ஐரோப்பாவுக்கு வந்தது என்பதே பொதுவான கருத்து.

மீண்டும் வண்டிக்கு வருவோம். இரண்டு இழுவார்களும் குதிரையின் பின்னால் ஒரு குறுக்குக் கட்டையின் இரு நுனிகளில் மாட்டப்படுகின்றன. கட்டையின் நடுவில் ஒரு வளையம். அந்த வளையத்தில்தான் கட்டை பாரத்தோடு கொளுவப்பட்டிருக்கும். இது சிங்கிள்ட்ரீ. இதை ஆடுகட்டை என்று அழைத்தால் பொருந்தும். ஏனெனில் அது ஆட வேண்டும் என்பதற்காகவே அங்கே இருக்கிறது. நடக்கும்போது வலத்தோள் ஒருமுறையும் இடத்தோள் ஒருமுறையும் முன்னே போகும். இழுவார்களை வண்டியில் அசையாமல் கட்டிவிட்டால், ஒவ்வொரு அடியிலும் ஒரு தோளில் மட்டும் முழுப்பாரமும் விழுந்து, காலர் தோலில் தேயும். ஆடுகட்டை தோளோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பாரத்தைச் சமனாகப் பங்கிடுகிறது. ஒரு முழங்கட்டையும் மூன்று வளையமும்தான் செலவு. சேணத்தின் உறுப்புகளுள் எமது ஊர்த் தச்சரும் கொல்லரும் அரைநாளில் செய்து தரக்கூடியது இது.

சோடி பூட்டும்போது இரண்டு ஆடுகட்டைகளும் ஒரு நீண்ட கட்டையின் இரு நுனிகளில் தொங்கும். நீண்ட கட்டையின் பெயர் டபிள்ட்ரீ. அதன் நடுவில் ஒரு ஆணியால் வண்டியோடு பிணைத்திருக்கும். இது ஒரு தராசு. எமது நுகத்தடியும் ஒரு தராசே. ஏர்க்காலைக் கட்டும் இடம்தான் அதன் நடுமுள். நடுவில் கட்டினால் வலத்தனும் இடத்தனும் சமபாரம் இழுக்கும். ஒன்று கிழடு, ஒன்று இளசு என்றால் என்ன செய்வது? அவர்கள் டபிள்ட்ரீயில் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வேறு துளைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்கு இலகுவானது. இரண்டு எருதுகளின் கழுத்து நடுவுக்கும் இடையே நுகத்தில் 120 சென்ரிமீற்றர் என்று வைப்போம். கட்டை வலுவுள்ள எருதின் பக்கமாக 5 சென்ரிமீற்றர் நகர்த்துங்கள். வலுவுள்ளதற்கு 55, மெலிந்ததற்கு 65. இப்போது வலுவுள்ளது 120இல் 65 பங்கையும், மெலிந்தது 120இல் 55 பங்கையும் இழுக்கும். அதாவது 54 வீதமும் 46 வீதமும். 10 சென்ரிமீற்றர் நகர்த்தினால் 58க்கு 42. கட்டு எந்தப் பக்கம் கிட்டவாக இருக்கிறதோ அந்தப் பக்கத்து எருதுக்குப் பாரம் கூட என்பதை மட்டும் நினைவில் வைத்தாற் போதும். அயலவரின் எருதையும் உங்கள் எருதையும் சேர்த்துச் சோடியாக்குபவர்களுக்கு இது மிக உதவும். அயலவரின் எருது களைத்துப் போனால் அடுத்தமுறை அவர் தரமாட்டார்.

ஏர்க்காலின் நுனியில் குதிரை வண்டியிலும் நுகம் என்ற பெயரோடு ஒரு தடி உண்டு. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அது இழுப்பதற்கு உரியது அன்று. ஏர்க்காலை நிலத்தில் விழாமல் தாங்குவதற்கும், வண்டியைப் பின்னே தள்ளவும் நிறுத்தவும் உரியது. நிறுத்தும் வேலைக்கு முக்கிய உறுப்பு பிரீச்சிங் என்ற பின்வார். இது குதிரையின் தொடைகளின் பின்புறத்தைச் சுற்றிச் செல்லும். இறக்கத்தில் வண்டி முன்னே உருளும்போது குதிரை இந்த வாரில் பின்சாய்ந்து உட்காருவதுபோல நின்று தடுக்கும். எமது வண்டிலில் பின்வார் இல்லை. குளக்கட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது நுகம் முன்னே ஓடி எருதின் தலையில் முட்டுவதும், பூட்டாங்கயிறு தொண்டையில் இறுகுவதும் இதனாலேயே. தட்டையான தரையில் இந்தக் குறை தெரிவதில்லை. இறக்கத்தில் ஒருவர் வண்டிலின் பின்னால் கயிறு பிடித்து வருவதே எமக்குள்ள பின்வார்.

மற்ற வார்களை விரைவாகச் சொல்லிவிடலாம். முதுகுப் பட்டையும் வயிற்று வாரும் இழுவார்களை உயரத்தில் நிறுத்துகின்றன. வாலின் அடியால் போகும் குறுப்பர் அந்தப் பட்டை முன்னே நழுவாமல் பிடிக்கிறது. தலையில் இருப்பது தலைக்கட்டு. அதிலே கன்னவார், நெற்றிவார், தொண்டைவார், பக்கத்துக் காட்சியை மறைக்கும் கண்மறைப்பு என்பன அடங்கும். கடிவாளத்தின் இரும்பு குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறில் கிடக்கிறது. எமது நாணயக்கயிறு மூக்கின் நடுத்தசையில் செய்யும் வேலையை அது அங்கே செய்கிறது. இரண்டுமே வேதனையால் அல்ல, தொடுகையால் பேச வேண்டியவை. கயிற்றை வெட்டி இழுப்பவரிடம் எருது பாஷை பழகாது.

நான்கு சில்லு வண்டியின் பாரத்தைச் சில்லுகளே முழுவதும் தாங்குகின்றன. குதிரைக்கு இழுக்கும் வேலை மட்டுமே. எமது இரண்டு சில்லு வண்டிலில் எருது இழுக்கவும் வேண்டும், ஒரு பங்கைச் சுமக்கவும் வேண்டும். எவ்வளவு சுமக்கும் என்பது நீங்கள் மூடைகளை அடுக்கும் விதத்தில் இருக்கிறது. 500 கிலோ பாரம். அதன் நடு, அச்சுக்கு 10 சென்ரிமீற்றர் முன்னால். நுகம் அச்சிலிருந்து 3 மீற்றர் தூரத்தில். கழுத்தில் விழுவது ஏறத்தாழ 17 கிலோ. இதைச் சோடி பங்கிடும். அதே பாரத்தை 30 சென்ரிமீற்றர் முன்னே தள்ளி அடுக்கினால் 50 கிலோ. அச்சுக்குப் பின்னால் அடுக்கினால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு எருதின் தொண்டையைத் தூக்கும். பாரம் ஏற்றியபின் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் தூக்க வேண்டும். ஆனால் தானாக எழும்பக் கூடாது.

இனி ஒற்றை எருதின் காரியம். எதியோப்பியாவில் ஒற்றை எருதுக் கமக்காரர் மிகப் பலர். அவர்களுக்காக அங்கே இயங்கிய சர்வதேசக் கால்நடை ஆய்வு நிலையம் ஒன்று 1980களின் தொடக்கத்தில் ஒற்றை நுகம் ஒன்றை உருவாக்கிற்று. குட்டையான, கழுத்துக்கு ஏற்ப வளைந்த நுகம், இரு நுனிகளிலிருந்தும் இரண்டு இழுகயிறுகள், பின்னால் ஆடுகட்டை, அதிலே பாரம் குறைந்த கலப்பை. குதிரைச் சேணத்திலிருந்து எடுத்த பாடம் என்பதை வாசகர் உடனே கண்டுகொள்வர். அது எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. இறுகிய களிமண்ணில் ஒற்றை எருது தவித்தது. கமக்காரர் பலர் தமது பழைய வழக்கத்தையே தொடர்ந்தார்கள். ஒற்றை எருதுக்காரர் இருவர் சேர்ந்து சோடியாக்கி, இருவர் காணியையும் முறைமாறி உழும் அந்த வழக்கத்தை அவர்கள் மெக்கனாஜோ என்பார்கள்.

இதிலிருந்து எமக்குத் தெரிவது இது. செம்மண் தோட்டத்திலும் மணல் தரையிலும், களை கிளறவும், சால் பிடிக்கவும், மரம் அடிக்கவும், தண்ணீர்ப் பீப்பா இழுக்கவும் ஒற்றை எருது போதும். வன்னியின் இறுகிய வயல் மண்ணை முதல் உழவு உழ அதனால் ஆகாது. அதற்குக் கூட்டுச் சேருவதே வழி. எருது நாள் முழுவதும் சோராமல் இழுக்கக்கூடியது தன் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 300 கிலோ எருதுக்கு அது 30 கிலோ இழுவை. இதை மீறிக் கேட்டால் சில நிமிடம் தரும், பிறகு படுத்துவிடும். (உழவு இயந்திரத்தின் தகட்டில் எழுதியிருக்கும் பரிவலு என்பதும் குதிரையிலிருந்து வந்ததே. ஜேம்ஸ் வாற் 18ஆம் நூற்றாண்டில் தம் நீராவி இயந்திரத்தை விற்பதற்காகக் குதிரையோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டார். 1 பரிவலு 746 உவாற்று. சாதாரணக் குதிரை நாள் முழுவதும் அவ்வளவு தராது.)

ஒற்றை நுகம் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஆடுகட்டை எருதின் இடுப்பைவிட அகலமாக இருக்கட்டும். இல்லையேல் கயிறுகள் தொடையில் உரசும். கயிறு, எருது நிற்கும்போது ஆடுகட்டை குதிக்காலில் படாத நீளம் வேண்டும், திரும்பும்போதும் படக்கூடாது. முதுகின் மேலால் ஒரு பட்டி போட்டு இழுகயிறுகளைத் தாங்கிவிட்டால், திரும்பும் இடத்தில் எருது கயிற்றைக் காலால் கடந்து சிக்காது. வண்டிலுக்கானால் கயிறு உதவாது. இரண்டு பக்கமும் ஏர்க்கால் வேண்டும். ஒற்றைத் திருக்கல் வண்டில் ஓட்டிய முதியவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு வைத்துச் செய்யுங்கள். நாம் எழுதியதைவிட அவர் கை நன்றாகச் சொல்லும்.

நுகத்தின் அடிப்பக்கம் பற்றி ஒரு கணக்கு. இழுவை 30 கிலோ. உருண்டைத் தடி கழுத்தில் தொடும் இடம் 60 சதுர சென்ரிமீற்றர் என்றால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் அரைக்கிலோ. அதே நுகத்தின் அடியைச் செதுக்கி அகலமாக்கி 180 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்காகும். காலர் செய்யும் அற்புதம் இவ்வளவுதான். மெத்தை வைப்பதென்றால் பழைய சணல் சாக்கை மடித்து, நுகத்தோடு அசையாமல் தைத்துவிடுங்கள். அசையும் மெத்தை மெத்தை இல்லாததைவிடக் கெடுதி. சைக்கிள் ரியூப்பை நேரே தோலில் படவிட வேண்டாம். வியர்வை வெளியேறாமல் தோல் அவியும்.

வேலை முடிந்து அவிழ்த்ததும் கழுத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சூடாகவோ வீங்கியோ இருந்தால், மயிர் உதிர்ந்திருந்தால், அது புண்ணுக்கு முதல் அறிவிப்பு. அன்றே நுகத்தில் அந்த இடத்தைத் தேடிச் செதுக்குங்கள். தோல் உரிந்துவிட்டால் உப்புக் கலந்த கொதித்தாறிய நீரால் கழுவி, சுற்றிவர வேப்பெண்ணெய் பூசி ஈயை விலக்கி, ஆறும்வரை பூட்டாமல் விடுங்கள். சீழ் கட்டினால் கால்நடை வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். விதைப்புக் காலத்தில் ஒரு கிழமை பூட்டாமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அறிந்தே சொல்கிறோம். பூட்டினால் அந்தப் போகம் முழுவதும் போய்விடும்.

கடைசியாக, மன்னார்ப் பக்கத்து வாசகர்களுக்கு. அங்கே கழுதைகள் திரிகின்றன. தண்ணீர்க் கான் இழுக்க அவற்றைப் பழக்க விரும்புபவர்கள் மாட்டு நுகத்தைச் சிறிதாக்கிக் கழுதைக்குப் போடலாகாது. அது குதிரையின் இனம், ஏரி கிடையாது, கழுத்தில் வலுவில்லை. காலர் செய்வது சிரமமென்றால் மார்புவார் போதும். நாலு விரலுக்குக் குறையாத அகலமான கன்வஸ் அல்லது சாக்குப் பட்டியை மடித்துத் தைத்து, மார்பின் குறுக்கே, தோள்மூட்டின் முனைக்குச் சற்று மேலும் தொண்டைக்குக் கீழுமாக நிறுத்துங்கள். அது கீழே இறங்காமல் கழுத்தின் மேலால் ஒரு சிறு பட்டி. இரு நுனிகளிலிருந்தும் இழுகயிறு, பின்னால் ஆடுகட்டை. இழுகயிறு தாழ்வாகப் போகட்டும். பூட்டி நாலு அடி நடத்திவிட்டு நிறுத்தி, பட்டி மேலே ஏறித் தொண்டையைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே பாரம் ஏற்றுங்கள்.